முதல் காமிரா

சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சியிலிருந்து அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள்.

"மாமா, வேலைய விட்டுட்டேன். போட்டோகிராபிதான் பண்ணப்போறேன். அம்மா சீட்டுப் பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம் தரேன்னு சொல்லியிருக்காங்க. என்ன காமிரா வாங்கலாம், நீங்களே சொல்லுங்க."

என்னிடம் கேட்டதில் வியப்பில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு காலத்தில் காமிராவும் கையுமாக அலைந்தவன் நான் ஒருவன்தான். கும்பகோணத்தில் என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இன்னும் அந்தக் கறுப்புப் பை இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது விடுமுறைக்கு வந்தால் அதை இறக்கித் தரச்சொல்லி அடம்பிடிப்பாள். ஏன் அதை நான் தொடுவதில்லை என்று அவள் கேட்டதுண்டு. அலுவலக வேலை, நேரமில்லை என்று ஏதோ சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை திருச்சிக்குப் போனேன். அவள் ஒரு நோட்டில் ஏழு காமிராக்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மெகாபிக்சல், வீடியோ, விலை என்று கட்டம் போட்டு வைத்திருந்தாள். கணக்கு எழுதியவளின் கை. எல்லாமே கண்ணாடி இல்லாத புதிய வகைக் காமிராக்கள், மிரர்லெஸ். இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். புதிய உடலும் அதனோடு வரும் ஜூம் லென்ஸும் சேர்த்து ஒரு பெட்டியை எடுத்து வைத்து, பையும் மெமரி கார்டும் இலவசம் என்றார். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவள் கண்களில் வந்த ஒளியை நான் அறிவேன். 2007இல் என் கண்களிலும் அது இருந்தது. ஐந்து மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பெட்டி. திறந்ததும் வரும் அந்தப் புது வாசனைக்காகவே இன்னொன்று வாங்கலாம்.

வாங்காமல் வெளியே வந்தோம். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்து அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன்.

"இதுல எதுவுமே மோசமில்ல. ஆனா நீ என்ன எடுக்கப்போறேன்னு இதுல எங்கயும் எழுதலயே?"

"கல்யாணம்தான் மாமா. அதுலதான பொழப்பு."

அது உண்மை. நம்மூரில் படமெடுத்துப் பிழைக்க நினைப்பவர்களில் பலருக்கும் முதல் வருமானம் கல்யாண மண்டபத்திலிருந்தே வருகிறது. ஆகவே காமிராவை அந்த மண்டபத்துக்குள் வைத்துத்தான் பார்க்கவேண்டும். விடியற்காலை முகூர்த்தம். மணமேடையில் ஹோமப்புகை. பின்னால் மினுக்கும் வண்ண விளக்குகள், மேலே வெளிறிய குழல் விளக்குகள், வெளிச்சமோ ஒன்றுக்கொன்று ஒவ்வாத நிறங்களில் கொஞ்சமே கொஞ்சம். இலவசமாக வரும் ஜூம் லென்ஸைத் தூரத்துக்கு இழுத்தால் அதன் துளை எஃப் 5.6 அளவுக்கோ அதற்கும் கீழோ சுருங்கிவிடும். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று எஃப் 1.8 வரை திறக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலிருக்கும் வித்தியாசம், உள்ளே வரும் ஒளியில் ஏறத்தாழ பத்து மடங்கு. புகைக்கு நடுவே தாலி முடியும் விரல்கள் அசைவில் கலங்கிப்போகுமா, நிற்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் பத்து மடங்குதான்.

மெகாபிக்சல் பற்றி அவளுக்கு நிறையக் கவலை. முப்பத்து மூன்றா, இருபத்து நாலா என்று. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபத்து நாலு மெகாபிக்சல் படம் அகலத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் புள்ளிகள். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்று நெருக்கமாக அச்சிட்டாலும் இருபது அங்குலம் வரும். கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கத்துக்கு அது தாராளம். அதற்கு மேலே இருப்பதெல்லாம் கணினியின் வயிற்றை நிரப்பவே பயன்படும்.

காமிரா உடல் என்பது மாட்டு வண்டியின் பாரத்தைப் போல, பழசாகும், மாறும். லென்ஸ்தான் மாடு. இந்த உவமையை அவள் ரசிக்கவில்லை. ஆனால் செய்தி உண்மை. நிக்கான் 1959இல் தன் 'எஃப்' காமிராவில் கொண்டுவந்த லென்ஸ் பொருத்தும் வளையத்தை அடுத்து வந்த அறுபது ஆண்டுகளிலும் அடிப்படையில் மாற்றவில்லை. அந்த வளையத்துக்காகச் செய்த பிற்கால லென்ஸ்களை, 2018இல் வந்த அதன் மிரர்லெஸ் காமிராக்களிலும் ஓர் இணைப்பானை வைத்து மாட்டலாம். உடல்கள் வந்து போய்க்கொண்டிருக்க, நல்ல லென்ஸ் ஒன்று கைமாறிக் கைமாறி வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஆனால் பொருந்துவது வேறு, இயங்குவது வேறு. மலிவான 50 மில்லிமீட்டர் 'டி' வகை லென்ஸின் உள்ளே மோட்டார் கிடையாது. காமிரா உடலிலிருக்கும் மோட்டார் அதைத் திருப்பினால்தான் தானாகக் குவியும். 2006இல் வந்த டி40 முதலிய சிறிய உடல்களில் அந்த மோட்டார் இல்லை. இது கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. படிக்காமல் வாங்கிவிட்டு, கல்யாண மண்டபத்தில் கையால் லென்ஸைத் திருகிக்கொண்டு நின்ற முட்டாள்களில் நானும் ஒருவன். பழைய பொருள் வாங்கும்போது ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையிலிருக்கும் ஒற்றை எழுத்தைக் கவனிக்கவேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். அதே லென்ஸின் 'ஜி' வகை, 2011இல் வந்தது, மோட்டாரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

இவ்வளவையும் அவள் எழுதிக்கொண்டாள். கடைசியாக ஒன்று சொன்னேன்.

"எது வேணா வாங்கு. ஆனா ரெண்டு கார்டு போடுற மாதிரி இருக்கணும்."

அவள் பட்டியலில் இருந்த ஏழில் ஆறு ஒற்றைக் கார்டுக் காமிராக்கள். ஏழாவதை வாங்கினால் லென்ஸுக்குக் காசு மிஞ்சாது.

"ஒரே கார்டுதான் நெறைய பேரு வச்சிருக்காங்க. இப்ப வர்ற கார்டெல்லாம் ஒன்னும் ஆகாது மாமா. இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பிடிவாதம்?"

காபி ஆறிப் போயிருந்தது. பல ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்தக் கடையின் ஈக்களுக்கு நடுவே அவளிடம் சொன்னேன்.

2007 ஆவணியில் மயிலாடுதுறையில் என் நண்பனின் தங்கைக்குக் கல்யாணம். ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடும் வசதி இல்லை. "நீ எடுடா, நல்லாத்தானே எடுக்குற" என்றான். அதுவரை நான் எடுத்தவை கோயில் தூண்களும் காவிரிப் படித்துறையும்தான். இரண்டு கார்டுகள் வைத்திருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் ஒற்றை இடமே காமிராவில்.

நண்பனின் அப்பா பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். காமிராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். அன்று அவரால் ஒதுங்க முடியவில்லை. மாப்பிள்ளையின் பாதத்தைக் கழுவினார். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்து, மேலிருந்து நீர் வார்க்க, தாரை வார்த்துக் கொடுத்தார். அந்த நீர் மூன்று பேருடைய கைகளிலும் வழிந்ததை அண்மையில் நின்று எடுத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார், காமிரா இருப்பதை மறந்திருந்தார். பின்பக்கத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, இனி இதுதான் என் தொழில் என்று தீர்மானித்தேன்.

கெட்டிமேளம் முழங்கியது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். தாலி ஏறியது. கார்டில் இடம் முடியப்போவதாகக் காமிரா காட்டியது. அடுத்து அம்மி மிதித்தல், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவசரமாக மூடியைத் திறந்து கார்டை உருவிவிட்டு அடுத்ததைப் போட்டேன். உருவிய கணத்தில் காமிராவின் பின்புறம் புள்ளி போன்ற அந்தச் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் உருவினேன்.

அந்த விளக்கின் பொருள் இதுதான். படச்சுருள் காமிராவில் ஷட்டர் மூடியவுடன் படம் சுருளில் விழுந்துவிட்டது. கழுவாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது. டிஜிட்டலில் அப்படியில்லை. ஒளி மின்னூட்டமாகி, எண்ணாகி, காமிராவின் தற்காலிக நினைவில் வரிசையில் நின்று, பிறகே கார்டில் எழுதப்படுகிறது. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா, பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடா கேசட்டில் எழுதி முடிக்க 23 நொடிகள் எடுத்துக்கொண்டதாம். இன்று அது நொடிக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கிறது. ஆனாலும் படம் எடுத்ததற்கும் படம் இருப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இன்னும் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் சிறு விளக்கு எரிகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினால் எழுதும் படம் மட்டும் போவதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே சிதைந்துவிடக்கூடும்.

அன்றிரவு கணினியில் போட்டபோது கார்டு காலியாக இருப்பதாகச் சொன்னது. அதோடு நிறுத்தியிருந்தால் மீட்டிருக்கலாம் என்பதைப் பின்னால் அறிந்தேன். அட்டவணை போனாலும் படங்கள் உள்ளே கிடக்கும். மேலே வேறு எதையும் எழுதாமல் இருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? கார்டு வேலை செய்கிறதா என்று சோதிக்க, அதையே காமிராவில் போட்டு அழித்துத் தயார் செய்து, வீட்டுச் சுவரையும் திண்ணையில் படுத்திருந்த பூனையையும் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினேன். தாரை வார்த்த கைகளின் மேல் பூனையை எழுதினேன். சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் ஒருவரிடம் கொடுத்தேன். கிடைத்தவை சில அரைப் படங்கள். மேல்பாதியில் பந்தல், கீழ்ப்பாதியில் சாம்பல் நிறப் பட்டை.

நண்பனிடம், "கார்டு கெட்டுப்போச்சுடா" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கார்டில் இருந்த அம்மி மிதித்தலும் மெட்டி அணிதலும் பந்தியும் வைத்து ஓர் ஆல்பம் செய்துகொண்டார்கள். மறுவருடம் மார்கழியில் அவன் அப்பா இறந்தார். மாலை போட வைக்க நல்ல படம் ஒன்றில்லை. மனிதர் வாழ்நாள் முழுக்கத் தூணுக்குப் பின்னால் நின்றவர். இரண்டாவது கார்டிலிருந்து பந்திப் படம் ஒன்றைத் தேடி எடுத்தோம். இலைக்கு முன் குனிந்து, யாரோ கூப்பிட்டதற்காகப் பாதி திரும்பிய முகம். பக்கத்து இலைக்காரரின் தோளை வெட்டிவிட்டுப் பெரிதாக்கினோம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் இப்போதும் அந்தப் படம்தான். வாய் லேசாகத் திறந்திருக்கும்; ஏதோ சொல்ல வருபவர்போல.

நான் காமிராவைப் பையில் வைத்து அலமாரியில் ஏற்றியது அதற்குப் பிறகுதான்.

அக்காவின் மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்கிட்ட இன்னும் சொல்லலயா மாமா?" என்றாள். நான் நோட்டைப் புரட்டினேன்.

இரண்டு வாரம் தேடி, ஒரு கல்யாணப் புகைப்படக்காரர் புதிய காமிராவுக்கு மாறும்போது கைவிட்ட நிக்கான் டி750 ஒன்றைக் கண்டுபிடித்தோம். 2014இல் வெளிவந்த மாதிரி. படச்சுருளின் அளவே கொண்ட, 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சார். இருபத்து நாலு மெகாபிக்சல். எஸ்டி கார்டுக்கு இரண்டு இடங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வைத்துக்கொள்ளலாம். ஷட்டர் ஒன்றரை லட்சம் தடவை தாங்குமாறு சோதிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கணக்கு; அதுவரை ஐம்பதாயிரத்துச் சொச்சம் ஓடியிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் தடவை அழுத்தினாலும் முப்பது கல்யாணம் நிச்சயம் தாங்கும். அதற்குள் அவள் சம்பாதித்து அடுத்ததை வாங்கிவிடுவாள்; சம்பாதிக்காவிட்டால் அடுத்தது தேவைப்படாது. விற்றவரின் முன்னாலேயே ஒரு வெள்ளைச் சுவரைத் துளையைக் குறுக்கி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, சென்சாரில் கறை இருக்கிறதா என்று சோதித்தாள். லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். காவிரிக்கரை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது எளிது. நான் சொல்லிக்கொடுத்ததைவிட அதிகம் படித்திருந்தாள்.

காமிராவும் 50 மில்லிமீட்டர் 'ஜி' லென்ஸுமாக எழுபதாயிரத்துக்குள் முடிந்தது. மிச்சத்தில் ஒரு ஃபிளாஷ், இரண்டு பாட்டரி, நான்கு கார்டுகள், படங்களைத் தனித்தனியே சேமித்து வைக்க இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். இருபதாயிரத்தைத் தொடாமல் வங்கியில் போடச்சொன்னேன். காமிரா பழுதாகும் நாளுக்கு அல்லது வாடகைக்கு ஒரு பெரிய லென்ஸ் தேவைப்படும் நாளுக்கு.

மிரர்லெஸ் வாங்கியிருந்தால் கண்ணைத் தானே தேடிக் குவிக்கும், சத்தமில்லாமல் எடுக்கலாம், வீடியோவும் நன்றாக வரும். இவை அற்பமான வசதிகள் அல்ல. அவளைப் போன்ற இன்னொருத்தி அதையே தேர்ந்தால் தவறென்று சொல்லமாட்டேன். என் தேர்வில் என் பயமும் கலந்திருக்கிறது. ஆனால் ஒன்று யோசித்தேன். ஆர்வத்துக்காக எடுப்பவனின் முதல் காமிரா அவனுக்குப் பிடித்ததாக இருந்தால் போதும். எடுத்த படம் போனால் அவனுடைய படம் போகிறது, அவ்வளவுதான். பிறருக்காக எடுப்பவளின் கதை வேறு. அவள் கையிலிருப்பது இன்னொரு குடும்பம் நம்பி ஒப்படைத்த ஒரு காலைப் பொழுது. தாலியை இரண்டாவது முறை கட்டச் சொல்ல முடியாது. ஆகவே அவளுடைய காமிரா எவ்வளவு அழகாக எடுக்கும் என்ற கேள்விக்கு முன்னால், எடுத்ததைக் காப்பாற்றுமா என்ற கேள்வி நிற்கிறது. கடைகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஆடி மாதக் கடைசியில் மயிலாடுதுறைக்குப் போனேன். நண்பன் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, விளக்கு எரிந்ததையும் நான் உருவியதையும் பூனையையும் சொன்னேன். கார்டு கெட்டுப்போகவில்லை, நான் கெடுத்தேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "காபி சாப்பிடுறியா?" என்று எழுந்து உள்ளே போனான். திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. வந்தபிறகு வேறு என்னவோ பேசினோம். வாசல்வரை வந்து வழியனுப்பினான். மன்னித்தானா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கேட்பதற்கு அது என்னுடைய கேள்வியும் அல்ல.

ஆவணியில் அவளுக்கு முதல் கல்யாணம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒரு சிறிய மண்டபம். அன்று முழுவதும் அவளிடமிருந்து செய்தி இல்லை. நானும் அழைக்கவில்லை. இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. படங்கள் எப்படி வந்திருக்கின்றன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்:

"மாமா, ஒரு கார்டு என் கைப்பையில இருக்கு. இன்னொன்னு அம்மாகிட்ட குடுத்துட்டேன். லைட்டு அணைஞ்சப்புறம்தான் எடுத்தேன்."